தலையணையோடு காணாமல் போனவர்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குத் தெரேபாய் போலீஸ் நிலையத்துக்கு வந்து, தன் கணவர் தவோக்கியாவைக் காணவில்லை என்று சொன்னாள். எங்கள் மோதுகூரா தீவில் அப்போது முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தோம். தவோக்கியா எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஆள் யார் என்று கேட்டால், முந்தின வாரம் பிறந்த ஒரு குழந்தையைத்தான் காட்ட முடியும்.

சார்ஜென்ட் மதாயோவுக்கும் தெரியும். தீவுக்கே அவன் ஒருவன்தான் போலீஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவனுக்குப் பின் பெஞ்சில் இருந்தவர்கள் பாட்டுக்கு நடுவே பேசிக்கொண்டது அதைப் பற்றித்தான். தவோக்கியா தீவின் மறுபக்கம், பவளப்பாறைக் காட்டுக்குள் இருக்கும் தன் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக் குடிசையில் பன்னிரண்டு நாளாகக் குடியிருந்தார்.

"பெரியம்மா, பெரியப்பா தோட்டத்துலதான…" என்று மதாயோ ஆரம்பித்தான். தெரேபாய் அவனுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா.

"நான் உனக்குப் பெரியம்மாவா வரலை. புகார் கொடுக்க வந்திருக்கேன். அதுக்கு ஃபாரம் இருக்கா, இல்லையா?"

ஃபாரம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நியூசிலாந்திலிருந்து ஓர் அதிகாரி தலைநகர் ராரோவுக்கு வந்து, காணாமல் போனவர்களைத் தேடும் முறை பற்றி மூன்று நாள் பாடம் நடத்தினார். வெளித்தீவுப் போலீஸ்காரர்களில் மூன்றாம் நாளும் கண் திறந்திருந்தவன் மதாயோ மட்டும்தான். அதனால் நூற்று நாற்பது பக்கப் புத்தகம் ஒன்றும் ஒரு கட்டு ஃபாரமும் அவனுக்குக் கிடைத்தன. புத்தகத்தை அவன் பைபிளுக்கு அடுத்தபடியாக மதித்தான். அலமாரியிலும் பைபிளுக்கு அடுத்துத்தான் வைத்திருந்தான். ஆனால் தீவில் ஒருத்தரும் காணாமல் போகிற வழியாக இல்லை. ஒரு தடவை ஒரு பன்றி போனது. முதல் பக்கத்திலேயே தொழில் என்னவென்று கேட்டிருந்ததால் ஃபாரம் பன்றிக்குச் சரிப்படவில்லை.

எனவே தெரேபாய் கேட்டதும் மதாயோவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஃபாரத்தைப் பிரித்தான்.

"உயரம்?"

"உன்னைவிட ஒரு சாண் குட்டை. தினமும் பார்க்கிறவன்தான நீ?"

"நீங்க சொல்லணும், நான் எழுதணும். அங்க அடையாளம்?"

"எந்த வேலையையும் பாதியில விட்டுட்டுப் போயிடுவார்."

"உடம்புல, பெரியம்மா."

"உடம்புல என்ன இருக்கு, தொப்பைதான் இருக்கு."

"பல் டாக்டர் பேரு?"

"ஆடின பல்லையெல்லாம் அவரே நூல் கட்டிப் பிடுங்கிக்கிட்டார். மிச்சம் நாலு இருக்கு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான். "அடிக்கடி போற இடம்?"

"தோட்டம்."

"தோட்டத்துல போய்த் தேடினீங்களா?"

"தேடலை."

"ஏன்?"

"நான் எதுக்குப் போகணும்? போலீஸ் போகட்டும். அதுக்குத்தான சம்பளம் வாங்குறே?"

அதில் நியாயம் இருந்தது. விட்டுப் போன புருஷனைத் தேடி மனைவி காட்டுக்குள் போனால் எங்கள் ஊரில் அதற்குக் கெஞ்சப் போனாள் என்று பெயர். பேரன் பேத்தி காலம் வரைக்கும் அது பேச்சில் இருக்கும். காணாமல் போனவரைப் போலீஸ் தேடினால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"நர்ஸ் வந்து அந்தக் கடுதாசியைப் படிச்சாளே, அதுக்கு மறுநாள் காலையில."

மதாயோவின் பேனா நின்றது. கடுதாசி விஷயமும் தீவுக்கே தெரிந்ததுதான். தெரேபாய்க்கு இடது மார்பில் கட்டி. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் அறுவை சிகிச்சை. வாரத்துக்கு ஒரு பிளேன்தான் வரும், வருகிற வெள்ளிக்கிழமைப் பிளேனில் அவள் புறப்பட வேண்டும். சுகாதார இலாகா இரண்டு சீட்டு அனுப்பியிருந்தது, நோயாளிக்கு ஒன்று, துணைக்கு ஒன்று. துணைச் சீட்டில் தவோக்கியாவின் பெயர் இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவரைக் கண்டுபிடிச்சுக் கொடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள் தெரேபாய். சொல்லும்போது சுவரில் இருந்த புயல் எச்சரிக்கை அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் திடமாகத்தான் இருந்தது, கை மட்டும் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது.

ஆபத்து அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று ஃபாரம் கேட்டது. யாருக்கு என்று கேட்கவில்லை. மதாயோ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நடுவில் இருந்த கட்டத்தில் டிக் போட்டான்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போயிருப்பான். அரை மணி நேர வேலை. மதாயோ போகவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில், முதலில் காணாமல் போனவரின் வீட்டைச் சோதிக்க வேண்டும், இரண்டாவதாக ஊரில் விசாரிக்க வேண்டும், அதற்குப் பிறகே அடிக்கடி போகும் இடங்களைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வரிசை தப்பினால் எப்படிப்பட்ட பிழைகள் வரும் என்று அதற்கு மேலே நான்கு பக்கம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் தெரேபாயின் வீட்டைச் சோதித்தான். சாட்சிக்கு ஒரு அரசு ஊழியர் வேண்டும் என்பதால் நர்ஸ் அக்காயித்தியைக் கூட்டி வந்திருந்தான். தீவில் அவனைத் தவிர சீருடை போடுகிறவள் அவள் ஒருத்திதான். காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்களில் பலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறார்கள் என்று புத்தகம் சொன்னது. மதாயோ கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான், துணி அலமாரியைத் திறந்து பார்த்தான், மழைத்தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எட்டிப் பார்த்தான்.

"ஃப்ரீசரையும் திறக்கணும், பெரியம்மா."

"திற. உள்ள அரை ஆடு இருக்கு. அதுக்குத் தொப்பை இல்லை, பார்த்தாலே வித்தியாசம் தெரியும்."

அரை ஆடு என்று எழுதிக்கொண்டான். பிறகு வீட்டிலிருந்து காணாமல் போன பொருட்களின் பட்டியல். ஒரு தலையணை, ஒரு பல் பிரஷ், ஒரு கெட்டில், ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ.

"தலையணையைத்தான் யாரோ கடத்தியிருக்காங்க," என்றாள் அக்காயித்தி. "அது இல்லாமத் தூக்கம் வராதுன்னு பெரியப்பாவும் பின்னாடியே போயிருப்பார்."

"சாட்சி கருத்துச் சொல்லக்கூடாது," என்றான் மதாயோ.

டி.என்.ஏ. சோதனைக்காகப் பல் பிரஷை எடுத்துக் காகித உறையில் போட வேண்டும். பல் பிரஷ் இல்லை என்றால் சீப்பு. "தலையில முடி இருந்தாத்தான சீப்பு வச்சிருப்பார்," என்றாள் தெரேபாய். கடைசியில் அவருடைய ஓலைத் தொப்பியை எடுத்தார்கள். காகித உறைக்குள் அது போகவில்லை. அரிசிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, சீட்டு ஒட்டினான்.

அன்று மத்தியானமே படத்தோடு ஓர் அறிவிப்பு எழுதிக் கடை வாசலில் ஒட்டினான். புதன்கிழமை காலையில் விசாரணைக்காக அதே கடைக்குப் போனான். கடைக்காரர் ரூபேனாதான் பிளேன் கம்பெனிக்கும் ஏஜென்ட்.

"தவோக்கியாவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"நேத்துச் சாயங்காலம். ரெண்டு டின் இறைச்சி, ஒரு தீப்பெட்டி வாங்கிட்டுப் போனார்."

"அவர் காணாமப் போனவர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அவரேதான் சொன்னார். இங்க நின்னு உன் அறிவிப்பை முழுசாப் படிச்சார். படம் நல்லா இல்லையாம், வயசாத் தெரியுதாம். கல்யாணத்துல எடுத்த படம் வீட்டுல இருக்கு, அதைப் போடச் சொன்னார்."

மதாயோ அதையும் எழுதிக்கொண்டான். அந்த வேகத்திலேயே ரூபேனாவின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் வாங்கி எழுதினான். ரூபேனா அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். முகவரி சொல்லும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தோட்டத்துக்கு வண்டி பாதி தூரம்தான் போகும். அதற்குப் பிறகு கத்தி மாதிரி நிற்கும் பவளப்பாறை மேல் நடக்க வேண்டும். மதாயோ போய்ச் சேர்ந்தபோது குடிசை வாசலில் பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. தவோக்கியா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வாடா, வா. திங்கட்கிழமையிலிருந்து உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன். ஏன் இத்தனை நாள்?"

"வரிசைப்படிதான் வரணும், பெரியப்பா. உங்க பேரு?"

"என்னது?"

"பேரைச் சொல்லுங்க. நீங்கதான் அவர்னு நான் உறுதிப்படுத்தணும்."

தவோக்கியா பேரைச் சொன்னார், பிறந்த தேதியைச் சொன்னார். மதாயோ படத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். பதினான்கு நாள் தாடியில் அவர் படத்தைவிட மோசமாக இருந்தார், ஆனால் அவரேதான்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தி இங்க வச்சிருக்காங்களா?"

"இல்லை."

"பத்திரமா இருக்கீங்களா? நலமா இருக்கீங்களா?"

"சமையல்தான் சரியா வரலை. மத்தபடி இருக்கேன்."

"நீங்க இருக்கிற இடத்தைப் புகார் கொடுத்தவங்ககிட்ட சொல்ல உங்களுக்குச் சம்மதமா?"

தவோக்கியா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சம்மதம் இல்லைன்னு சொன்னா?"

"சொல்ல மாட்டேன். வயசு வந்தவர் தானா விலகியிருந்தா, அவர் எங்க இருக்கார்னு போலீஸ் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. உயிரோட இருக்கார், நலமா இருக்கார், அவ்வளவுதான் சொல்லலாம்."

"அவளுக்கு நான் இங்க இருக்கிறது தெரியும்டா."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். நான் சொன்னதா இருக்காது."

"அப்போ சம்மதம் இல்லை. எழுதிக்கோ."

எழுதினான். சட்டப்படி அத்தோடு வேலை முடிந்தது. மதாயோ பேனாவைச் சட்டைப் பையில் செருகினான், ஆனால் எழுந்து போகவில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு காரியத்தை அவன் செய்வது அதுதான் முதல் தடவை.

"பெரியப்பா, வெள்ளிக்கிழமை அவங்க தனியாப் போகணுமா? உங்க பேர்ல சீட்டு இருக்கு. ஏன் இப்படிப் பண்றீங்க?"

தவோக்கியா அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். விறகை உள்ளே தள்ளினார்.

"எங்கம்மாவை அந்தப் பிளேன்ல நான்தான் கூட்டிட்டுப் போனேன். நீ அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே. அப்புறம் எங்கக்காவைக் கூட்டிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கும். ரெண்டு தடவையும் போறப்போ ரெண்டு பேரு. வரும்போது நான் மேல, அவங்க பெட்டியில சாமானோட சாமானாக் கீழே. நான் துணைக்குப் போன யாரும் அந்தப் படியில நடந்து இறங்கலைடா மதாயோ."

"அதுக்கும் இதுக்கும்…"

"எனக்குத் தெரியும், சம்பந்தம் இல்லைன்னு நீ சொல்லுவே, பாதிரியும் சொல்லுவார். கடுதாசியைப் படிச்சதும் எனக்கு அந்தப் படிதான் கண்ணுல நின்னுது. நான் கூட இல்லாமப் போனா அவ திரும்பி வருவா. நான் எங்க இருக்கேன்னே தெரியாமப் போனா இன்னும் நல்லது." அவர் புகையில் கண்ணைத் துடைத்தார், புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. "இதை அவகிட்ட சொல்லாதே. சொன்னா அவளும் அதையே நினைச்சுக்கிட்டுப் படுப்பா."

"சொல்லக்கூடாது, பெரியப்பா. நீங்க சம்மதம் கொடுக்கலையே," என்றான் மதாயோ. அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்தப் புத்தகத்தைக் கடலில் எறிந்துவிடலாமா என்று அவனுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தெரேபாயின் வீட்டுக்குப் போனான். அவள் முற்றத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஆக்லாந்தில் இருந்தாள், விமான நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்வாள். அவளுக்காக உப்புப் போட்டுக் காயவைத்த மீனும் கிழங்கும் பெட்டியில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருந்தன. மதாயோ நேராக நின்று, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னான்.

"தாங்கள் புகார் கொடுத்த நபர் கண்டுபிடிக்கப்பட்டார். உயிருடன், நலமாக இருக்கிறார். இருக்கும் இடத்தைத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்."

தெரேபாய் நிமிர்ந்தாள். வீட்டுக்குப் பின்னால் காட்டு மேட்டில் ஒரு கோடு புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அது என்ன புகை?"

"எந்தப் புகை, பெரியம்மா?"

"மறுபடியும் பச்சை விறகை வச்சுத் தொலைச்சிருக்கார்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "இளைச்சிருக்காரா?"

"அதுக்கு ஃபாரத்துல இடம் இல்லை."

"சாப்பிடுறாரா?"

"அதுக்கும் இல்லை."

"ஏன் வரமாட்டேன்கிறார்னாவது கேட்டியா?"

மதாயோ கேட்டிருந்தான். பதிலும் தெரியும், சொல்லச் சம்மதம்தான் இல்லை. அவள் பயப்படுவது கட்டிக்கா, அல்லது கணவனுக்குத் தான் வேண்டாதவளாகிவிட்டதற்கா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்பதுபோல ஒரு கஷ்டத்தை அவன் பணிக்காலத்தில் அனுபவித்ததில்லை.

"மன்னிச்சுக்கோங்க, பெரியம்மா," என்று மட்டும் சொன்னான். ஃபாரத்தின் ஒன்பதாம் பக்கத்தை நீட்டினான். "புகார் கொடுத்தவங்க கையெழுத்து. போட்டீங்கன்னா கேஸ் முடிஞ்சுது."

அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒன்பதாம் பக்கத்தைப் படித்தாள், முதல் பக்கத்துக்குப் போய் ஒன்பது பக்கத்தையும் வரிசையாகப் படித்தாள். கிழங்கு வெந்து அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, எழுந்து போகவில்லை.

"போடலைன்னா?"

"கேஸ் முடியாது. வாரம் ஒரு தடவை நான் நேர்ல போய் அவரைப் பார்த்து, உயிரோட நலமா இருக்காரான்னு எழுதி வைக்கணும். நீங்க உங்க கண்ணால பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுற வரைக்கும்."

"எத்தனை வாரம்?"

"புத்தகத்துல வரம்பு போடலை."

தெரேபாய் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "நான் இன்னும் பார்க்கலையே. பார்க்காம எப்படிப் போடுறது? நாளைக்கு பிளேன்கிட்ட வந்தார்னா பார்க்கிறேன், போடுறேன்."

பிடிவாதம் என்று மதாயோ நினைத்தான். வருவார் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்றும் நினைத்தான். அதை நினைத்தபோது அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தீவில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் விமானத்திடலில் இருந்தோம். வைத்தியத்துக்குப் போகிறவர்களைப் பாடித்தான் அனுப்புவது வழக்கம். பாட்டு ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. தெரேபாயின் கழுத்தில் விழுந்த பூமாலைகள் காது வரைக்கும் வந்துவிட்டன. சின்னப் பிளேன் என்பதால் ஆளையும் எடை போட வேண்டும். ரூபேனா அவளை மாலைகளோடு கிழங்குத் தராசில் ஏற்றி, மாலைக்கு இரண்டு கிலோ கழித்து எழுதினார்.

"ரெண்டாவது சீட்டு கதவு மூடுற வரைக்கும் அவர் பேர்லதான் இருக்கு, அக்கா," என்றார் ரூபேனா தாழ்ந்த குரலில். தெரேபாய் தலையாட்டினாள்.

பிளேன் வந்து நின்றது. விமானி இறங்கிக் கால் நீட்டினான். அப்போதுதான் திடலின் கோடியில், சவுக்கு மரங்களுக்கு அடியில், தவோக்கியா வந்து நின்றார். தாடியை மழித்திருந்தார். கையில் பெட்டி இல்லை. முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், தாண்டவில்லை.

இருநூறு பேர் அவரைப் பார்த்தோம். பார்த்த மாத்திரத்தில் இருநூறு பேரும் பார்வையை எடுத்துவிட்டோம். காணாமல் போனவர் தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று கேட்டிருக்கும் விஷயம் வியாழக்கிழமை மத்தியானமே ஊரெல்லாம் தெரிந்திருந்தது. பாட்டு மட்டும் சட்டென்று உரத்தது. மதாயோவின் மனசு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. தாண்டு, தாண்டு, தாண்டு.

தெரேபாய் சவுக்கு மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"மதாயோ."

"சொல்லுங்க, பெரியம்மா."

"எல்லாரும் ஏன் வானத்தைப் பார்க்கிறாங்க? எனக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?"

"அதை நான் சொல்லக்கூடாது."

"சொல்லாதே." அவள் பிளேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பிக்கு இந்தப் பக்கம் யாராவது வந்தா மட்டும் சொல்லு."

காத்திருந்தார்கள். சாமான் ஏறியது. தபால் பை ஏறியது. விமானி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். யாரும் கம்பிக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

"பெரியம்மா, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க," என்றான் மதாயோ. "நீங்க பார்த்தா வந்துடுவார்."

"வரமாட்டார். அவங்கம்மாவை இங்கதான் இறக்கினாங்க, அவங்கக்காவையும் இங்கதான். நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினவ நான், எனக்குத் தெரியாதா? அவர் கூட வந்தா நான் செத்துப் போயிடுவேன்னு நினைச்சுட்டிருக்கார்." தெரேபாய் மாலைகளுக்குள்ளிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வருவார்னு நினைச்சுத்தான்டா புகார் கொடுத்தேன். போலீஸ் வந்தா வெட்கப்பட்டாவது கிளம்புவார்னு. ஆனா நேத்து உன் காகிதத்தைப் படிச்சதும் வேற புத்தி வந்துது. நான் இப்போ திரும்பிப் பார்த்தேன்னா கையெழுத்துப் போடணும். போட்டேன்னா நீ அந்தக் காட்டுப் பக்கம் போகவேண்டியதில்லை."

மதாயோ ஃபாரத்தைப் பிரித்துப் பேனாவை எடுத்தான்.

"ஆஸ்பத்திரியில எத்தனை மாசம் ஆகுமோ. சொந்தக்காரங்க ரெண்டு வாரம் சோறு கொண்டு போவாங்க, அப்புறம் அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்க. அந்த மனுஷன் மனசு சரியில்லைன்னா சாப்பிடாது, வாயைத் திறந்து கேட்காது. வாராவாரம் ஒருத்தன் பாறையில நடந்து போய், உயிரோட இருக்கியான்னு முகத்தைப் பார்த்துக் கேட்கணும். நீ கேட்பே. மழை பெஞ்சாலும் போவே. புத்தகத்துல இருக்கே." மூக்கை உறிஞ்சினாள். "போறப்போ தேங்காய்ப்பால் விட்டுக் கீரை கொண்டு போ. அதையும் ஃபாரத்துல எழுதிக்கோ."

ஃபாரத்தில் அதற்கு இடம் இல்லை. மதாயோ ஓரத்தில் எழுதிக்கொண்டான். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

தெரேபாய் படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தாள், ஒரு படியிலும் திரும்பவில்லை. ரூபேனா முடிந்த மட்டும் மெதுவாகக் கதவை மூடினார். பிளேன் திடலின் கோடி வரை ஓடித் திரும்பி, சவுக்கு மரங்களைத் தாண்டி எழும்பியது.

கூட்டம் கலைந்ததும் மதாயோ ஃபாரத்தை எடுத்துக்கொண்டு கம்பியருகே போனான். தவோக்கியா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தாளா?"

"இல்லை, பெரியப்பா."

"திரும்பவே இல்லையா?"

"இல்லை."

தவோக்கியா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மதாயோ கம்பிக்கு அந்தப் பக்கம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நலமா என்று கேட்டு எழுத வேண்டிய கட்டத்தைச் சும்மா விட்டான். அழுது ஓய்ந்ததும் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃபாரத்தைக் காட்டினார்.

"முடிச்சாச்சா?"

"இல்லை. அவங்க கையெழுத்துப் போடலை."

"அப்போ நான் இன்னும் காணாமத்தான் போயிருக்கேனா?"

"ஆமா."

"எதுவரைக்கும்?"

"அவங்க திரும்பி வந்து, உங்களைக் கண்ணால பார்த்து, கையெழுத்துப் போடுற வரைக்கும்."

தவோக்கியா ஒன்பதாம் பக்கத்தை வாங்கினார். தெரேபாய் என்ற பெயருக்கு மேலே காலியாக இருந்த கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு காகிதம் கசங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"சரிடா," என்றார். "அப்போ நான் கிடைக்கவே கூடாது. அவ வர்ற வரைக்கும் என்னை நல்லாத் தேடு."

அடுத்த சோதனை வெள்ளிக்கிழமை என்று மதாயோ எழுதிக்கொண்டான்.